அரிதும் அருமையும்

ஒரு பொருள் அரிதாக இருப்பதாலேயே மதிப்புடையதாகிவிடுமா? தபால் தலை சேகரிப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. சிறு பத்திரிகைக்காரர்களாகிய நாமும் கேட்டுக்கொள்வதில்லை. நாம் கேட்டுக்கொள்ளாததுதான் அதிகம் கவலை தருவது. தபால் தலையில் இந்த விஷயம் கலப்பில்லாமல் கிடைக்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

1860களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தபால் இலாகாவை ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஜனங்கள் முத்திரை மையைக் கழுவிவிட்டு அதே தலையை மறுபடி ஒட்டிவிடுவார்கள் என்ற பயம். மை காகிதத்துக்குள் ஊறட்டும் என்று, தலையின் மீது வரிசையாகச் சிறு புள்ளிகளை அழுத்தி இழைகளை உடைத்தார்கள். இதற்கு 'கிரில்' என்று பெயர். அளவையும் வடிவத்தையும் வைத்துப் பிற்காலத்துச் சேகரிப்பாளர்கள் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்தைச் சூட்டினார்கள். 1868-ம் வருஷத்து ஒரு சென்ட் பிராங்க்ளின் தலையில் 'இஸட்' கிரில் உள்ளவை இரண்டுதான் அறியப்பட்டிருக்கின்றன. ஒன்று நியூயார்க் பொது நூலகத்தின் உடைமை. மற்றது 2024-இல் 40 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அதே நீலம், அதே முகம், கிரில் மட்டும் இல்லாத தலையைச் சொற்ப விலைக்கு வாங்கிவிடலாம். ஒரு தடவைக்கு மேல் பிழைக்கக்கூடாது என்று ஏற்படுத்திய காயத்துக்குத்தான் இன்றைக்கு இந்த விலை.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவனுக்கு இது விசித்திரம். பணத்தின் தர்மம் வேறு. ஒரு நூறு ரூபாய்த் தாள் இன்னொரு நூறு ரூபாய்த் தாளுக்குச் சமம். கிழிந்ததைக் கொடுத்தால் நல்லதைத் தருகிறோம். எந்தத் தாளுக்கும் தனி முகம் கிடையாது. தபால் தலையும் பிறக்கும்போது அப்படித்தான் பிறக்கிறது. முத்திரை விழுந்ததும் அதன் பண வாழ்வு முடிகிறது. அதற்குப் பிறகே அதற்கு ஒரு முகம் வாய்க்கிறது.

நம் நாட்டில் இதற்கு ஈடான உதாரணம் காந்தி தலை. 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தி நினைவாக நான்கு தலைகள் வெளியாயின, சுவிட்சர்லாந்தில் அச்சானவை. 10 ரூபாய்த் தலையில் 100 பிரதிகளுக்கு மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சுப் போட்டுக் கவர்னர் ஜெனரலின் அலுவல் உபயோகத்துக்கு ஒதுக்கினார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ராஜாஜி; 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய அதே ராஜாஜி. 2017-இல் அந்தத் தலைகளில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 5 லட்சம் பவுனுக்கு விலைபோயிற்று. தமக்கு வந்த உறைகளைப் பிரித்து வெற்றுப் பக்கத்தில் எழுதியவரின் தலைக்கு இந்த விலையா என்று சிரித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் காந்திக்கும் அபூர்வத்தின் சந்தை தெரிந்திருந்தது. ஹரிஜன நிதிக்காகத் தம் கையெழுத்துக்கு 5 ரூபாய் வாங்கியவர் அவர். ஒன்றுதான் வித்தியாசம்: பணம் கொடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை இருவருக்கிடையே ரகசியம். மாடு வெயிலில் நிற்கிறது. யாரும் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம். தபால் தலை ஏலத்தில் தலைகீழ். விலை உலகத்துக்கே தெரியும். வாங்கிய பிறகு பொருள் பெட்டகத்துக்குள் போய்விடும்.

சேகரிப்பவர்களை இளப்பமாகப் பேசுவது என் நோக்கமல்ல. எனக்குத் தெரிந்த திருப்பூர் நூல் வியாபாரி ஒருவர் பழைய அமெரிக்கத் தலைகளைச் சேர்க்கிறார். பூதக்கண்ணாடியின் கீழ் ஒரு தலையை வைத்துக்கொண்டு, துளைகளை எண்ணி, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து, கிரில் அசலா பிற்பாடு யாராவது அழுத்தியதா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்ப்பார். "பாக்கறதுக்குத்தானுங்க வாங்கறது. ரேட்டெல்லாம் விக்கறவனுக்குத்தானுங்க" என்றார். நம் மதிப்புரைகளில் ஒரு கவிதைக்கு இந்த அளவு கவனம் கிடைத்தால் போதும் என்று தோன்றியது.

இந்தப் பார்வையையும் விலையையும் சேர்த்துக் குழப்புவதில்தான் கோளாறு. தமிழ் இந்தக் குழப்பத்துக்குத் துணை போகிறது. அரிது என்றால் எண்ணிக்கையில் குறைந்தது; செய்யக் கடினமானது என்றும் பொருள். மதிப்புக்கும் அதிலிருந்தே அருமை என்று சொல் எடுத்துக்கொண்டோம். முதல் அர்த்தம் அந்தப் பொருளைப் பற்றியதே அல்ல. அதன் கூடப் பிறந்தவை எரிந்தன, கிழிந்தன, குப்பைக்குப் போயின என்கிற செய்தி. இரண்டாவது அர்த்தம் ஒன்றுதான் பொருளுக்குள் இருக்கிறது.

சேகரிப்பவர்களிலும் இரண்டு ஜாதி. ஆர்தர் ஹைண்ட் என்ற அமெரிக்க நெசவாலை முதலாளி, பிரிட்டிஷ் கயானாவின் 1856-ம் வருஷத்து ஒரு சென்ட் தலையை 1922-இல் வாங்கினார். உலகில் அறியப்பட்ட ஒரே பிரதி. பின்னால் யாரோ இரண்டாவது பிரதி ஒன்றைக் கொண்டுவந்ததாகவும், அதையும் வாங்கி அவர் எரித்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது, ஆனால் சேகரிப்பு உலகம் அதை விடாமல் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. உ.வே. சாமிநாதையரும் சேகரிப்பாளர்தான். ஊர் ஊராகச் சுவடி தேடினார். 1887-இல் சீவக சிந்தாமணி, 1894-இல் புறநானூறு என்று அச்சேற்றினார். கையில் கிடைத்த அபூர்வத்தை அவரே இல்லாமல் ஆக்கினார். புறநானூறு அதனால் அருமை குறைந்துவிடவில்லை.

நம் காரியத்துக்கு வருகிறேன். முந்நூறு பிரதி அச்சிடுகிறோம். முந்நூறு என்பது நம் வறுமை. வாசகனின் அலட்சியமும் கொஞ்சம். மெல்ல மெல்ல அதையே தரத்தின் சான்றாகக் காட்டத் தொடங்கிவிட்டோம். பழைய 'எழுத்து' இதழ்களைப் பூட்டி வைத்துக்கொண்டு நகல் எடுக்கவும் தராதவர்கள் நம்மிடையே உண்டு. அந்தப் பத்திரிகையை 1959-இல் தொடங்கிய செல்லப்பாவோ, புத்தகக் கட்டைத் தாமே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியவர். அவருக்கு அது விற்காத சரக்கு, சுமை. நமக்கு அது ஆஸ்தி.

ஆகவே நமக்குப் பிடித்த ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: நாளைக்கு இது பத்தாயிரம் பேர் வாயில் புழங்கினால், பஸ் ஸ்டாண்டில் ஒருவன் முணுமுணுத்தால், அப்போதும் இதே வரி நம்மை நிறுத்துமா? நிறுத்தும் என்றால் நாம் கவிதையைப் படித்திருக்கிறோம். கொஞ்சம் கசந்தால், நம் கையில் இருந்தது தபால் தலை.