பற்று யார் பெயரில்?

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தமிழ் ஒரு வசதி செய்து கொடுத்திருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் 'பற்று' என்றால் ஒருவர் பெயரில் எழுதப்படும் தொகை. புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்தால் அதே 'பற்று', விட முடியாத ஆசை. இரண்டுக்கும் ஒரே வார்த்தை இருப்பது ரொம்பப் பொருத்தம். ஒருவருக்கு ஒன்றின் மேல் பற்று வந்துவிட்டால், அதன் செலவை யாராவது ஒருவர் பெயரில் எழுதித்தான் ஆக வேண்டும்.

சீர்காழிப் பக்கம் ஒரு பையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இரண்டு மா நிலத்தை விற்று இன்ஜினீயரிங் படிக்க வைத்தார். பையனுக்குச் சென்னையில் வேலை. தங்கை கல்யாணத்துக்காகச் சீட்டு கட்டுகிறான். ஆனால், மனசு முழுக்க சினிமா. ஒரு நாள் போன் செய்து, "அப்பா, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்கிறான். நீங்கள் அந்த அப்பாவாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது நமக்குத் தெரியும். 'பிடித்ததைச் செய், பணம் தானாக வரும்!' கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், பணம் வந்தவரைத்தான் மேடைக்கே கூப்பிடுகிறார்கள். வராதவர் கையில் யாரும் மைக் கொடுப்பதில்லை.

இதே சீர்காழியில் 1860 வாக்கில் இரண்டு நண்பர்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இன்னொருவர் அங்கே முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. மகாவித்வான் 'சீகாழிக் கோவை' பாடியது அந்த நாட்களில்தான்.

மகாவித்வானுக்குத் தமிழைத் தவிர வேறு தொழில் கிடையாது. பாடுவார், பாடம் சொல்வார். பாடத்துக்குப் பணம் வாங்கியதில்லை. போதாததற்கு மாணவர்களுக்குச் சாப்பாடும் போட்டார். திருவாவடுதுறை மடமும் சில பிரபுக்களும் தாங்கினார்கள். அப்படியும் 1876-ல் கண்ணை மூடும்வரை கடன் தொல்லை விடவில்லை. மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிய வரலாற்றில் எல்லாம் பதிவாகியிருக்கிறது.

வேதநாயகம் பிள்ளை வேறு ரகம். 1826-ல் பிறந்தவர். கோர்ட்டில் தஸ்தாவேஜுகளைப் பாதுகாக்கும் வேலையில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, முன்சீப்பாக உயர்ந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று உத்தியோகம். அதற்கு நடுவிலேதான் எழுத்து. 1859-ல் வந்த அவருடைய 'நீதி நூல்' கைக்கூலியை, அதாவது லஞ்சத்தை, தனியாக எடுத்துக் கண்டிக்கிறது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 1862-ல் அவர் செய்த காரியம். மேல் கோர்ட் தீர்ப்புகள் இங்கிலீஷில் இருந்தன. வழக்காட வந்தவர்களுக்கோ இங்கிலீஷ் தெரியாது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தார். அவருடைய தமிழ்ப் பற்றில் வரவு கிடைத்தது, காகிதக் கட்டோடு கோர்ட் வாசலில் நின்ற கட்சிக்காரருக்கு! தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' அவர் உத்தியோகத்திலிருந்து விலகிய பிறகு, 1879-ல்தான் அச்சில் வந்தது.

"அப்ப, மாசச் சம்பளம்தான் சரிங்கறீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. மகாவித்வான் ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தால், அவர் கூடவே இருந்து பாடம் கேட்ட ஒரு உ.வே.சா. நமக்குக் கிடைத்திருப்பாரா? ஆனால், அதே உ.வே.சா. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது அதற்குப் பிறகு, 1887-ல். குருவின் கடனும் சீடரின் சம்பளமும் சேர்ந்துதான் அந்தப் புத்தகத்தை நம் கையில் கொடுத்தன.

ஆகவே, ஆசையா சம்பளமா என்பது பாதிக் கேள்விதான். செலவை யார் பெயரில் எழுதுகிறோம், அவரைக் கேட்டோமா என்பது மீதிக் கேள்வி.

மகாவித்வானின் செலவை மடம் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டது. நம் பையனின் சினிமாவை யார் பெயரில் எழுதுவது? தங்கை பெயரிலா? "ரெண்டு வருஷம்தானே, பொறுத்துக்கறேன்... நீ போய்ட்டு வாண்ணா" என்று அவளே சொன்னால் விஷயம் வேறு. அவளைக் கேட்காமல் எழுதினால் அது கள்ளக் கணக்கு.

அப்பாவையும் விட்டுவிட முடியாது. நிலத்தை விற்கும்போது, 'இன்ஜினீயரிங் படிக்கிறியாடா?' என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்காமல் படிக்க வைத்துவிட்டு, "உனக்காக நிலத்தையே வித்தேன்" என்று சொன்னால், பையன் வாங்காத கடனை அவன் பெயரில் ஏற்றுகிறார். அன்பினால்தான் செய்கிறார். ஆனாலும் கணக்கு கணக்குதானே?

இன்னொருவரும் இருக்கிறார். குடும்பத்துக்காக ஆசையை விட்டுக்கொடுத்து, பிடிக்காத வேலையிலேயே உட்கார்ந்துவிட்டவர். தான் ஒரு தியாகி என்று அவருக்கு நினைப்பு. ஆனால், அவருடைய கசப்பு யார் பெயரில் ஏறுகிறது? நோயாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்காத டாக்டர், பாடத்தை ஒப்பித்துவிட்டுப் போகிற வாத்தியார், கவுன்ட்டரில் எரிந்து விழுகிற கிளார்க்... "விருப்பமில்லாம வந்த வேலை சார்" என்பார்கள். பென்ஷன் மனுவோடு கால்கடுக்க நிற்கிற கிழவிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? சம்பளம் வாங்குகிற கடைசி நாள்வரை வேலையில் குறை வைக்க நமக்கு உரிமை கிடையாது. மனசு கவிதையில் இருந்தாலும் கட்சிக்காரருக்குக் குறை வைக்கக் கூடாது. முன்சீப் வேதநாயகம் பிள்ளையிடம் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சரி, அந்தப் பையனுக்கு என்ன சொல்வது?

வேலையை விடு என்றோ விடாதே என்றோ நான் சொல்ல மாட்டேன். 'தம்பி, ஒரு தாளை எடுத்துக்கோ' என்பேன். எத்தனை மாதம்? எவ்வளவு பணம்? அதுவரை யார் தாங்குவது? அவர்கள் சரி என்றார்களா? நடக்காவிட்டால் என்றைக்குத் திரும்புவாய்? எல்லாவற்றையும் எழுது. ஊருக்குப் போய் அப்பா, அம்மா, தங்கை மூன்று பேரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டு.

எந்தப் பெயரை வாசிக்கும்போதும் குரல் தடுமாறவில்லையா? தைரியமாகக் கிளம்பு. ஏதோ ஒரு பெயரில் தடுமாறுகிறதா? அவரோடு இன்னும் நீ பேசி முடிக்கவில்லை.