புதைக்காத தாலந்து

மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் எசமான் நம்பி ஒப்படைத்த தாலந்தை மண்ணில் புதைத்து வைத்த வேலையாளைச் சோம்பேறி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு தாலந்து சில்லறைக் காசு அல்ல, 6,000 தெனாரியம். கூலியாள் ஒருவரின் ஏறக்குறைய 20 ஆண்டுச் சம்பளம். அத்தனை பணம் கைக்கு வந்தால் யாருக்குத்தான் நடுக்கம் வராது? அவனும் பயத்தைத்தான் காரணமாகச் சொன்னான்.

மேரி குளோவ்ரியிடமும் அப்படியொரு பெருஞ்செல்வம் இருந்தது. பெண் மருத்துவர்கள் அரிதாக இருந்த காலத்தில், 1910-இல் மெல்போர்னில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1915-இல் ஒரு சிறு வெளியீடு அவர் கைக்கு வந்தது. ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் மடியும் இந்தியத் தாய்மாரைப் பற்றி அதில் படித்தார். 1920-இல், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் வந்து இறங்கி, அங்கேயே துறவற சபையில் சேர்ந்தார்.

கன்னியர் மருத்துவம் பார்க்க அப்போது திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. திருத்தந்தை 15-ஆம் பெனடிக்டின் தனி அனுமதி வேண்டியிருந்தது. (அள்ளிக் கொடுப்பதற்கும் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்!)

1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. தான் கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், உள்ளூர்ப் பெண்களுக்கு மருந்து கலக்கவும் பிரசவம் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். 1957-இல் அவர் கண் மூடியபோது, அந்தத் தாலந்து பல கைகளில் இருந்தது.