கதவும் மனச்சாட்சியும்

மனிதன் சுவர் எழுப்பக் கற்ற அன்றே அதில் ஒரு வழி விடவும் கற்றான். வழியில்லாத சுவர் கல்லறையாகும். அடைக்க முடியாத வழி வீடாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதே கதவு. அது திறப்பதற்காக ஏற்பட்டதா, மூடுவதற்காக ஏற்பட்டதா என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. திருடனுக்கு அஞ்சி மூடுகிற அதே கதவைத்தான் தீக்கு அஞ்சித் திறக்க வேண்டியிருக்கிறது. ஒரே பலகை இரு கடமைகளைச் சுமந்து நிற்கிறது. அவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதும் நாளில் எது வெல்ல வேண்டும்?

பழைய காலத்துப் பூட்டுக்கு ஒரு கை தேவைப்பட்டது. பூட்டியவர் இன்னார் என்பது தெரியும். திறவுகோல் இன்னாரது இடுப்பில் இருக்கிறது என்பதும் தெரியும். நன்மை வந்தாலும் தீமை வந்தாலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தார். இன்றோ கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அலுவலகம், அடுக்குமாடி வீடு, தொழிலாளர் விடுதி என எங்குச் சென்றாலும் வாயிலில் நிற்பது மின்னணுப் பூட்டு. அட்டையைக் காட்டினால், அல்லது விரலை வைத்தால், அது ஆளை அடையாளங் கண்டு வழிவிடுகிறது. உரியவரல்லர் எனில் வாய்திறவாமல் மறுத்துவிடுகிறது. பொறுப்பு கையிலிருந்து கம்பிக்கு மாறிவிட்டது. கம்பிக்கு மாறிய அந்தப் பொறுப்பு உண்மையில் யாருடையது?

இதனை ஆராயப் புகுமுன் அப்பூட்டு இயங்கும் முறையைச் சிறிது அறிந்துகொள்வது நலம். மின்னணுப் பூட்டுகளைப் பொதுவாக இருவகையாகப் பிரிக்கலாம். ஒன்று மின்காந்தப் பூட்டு. கதவு நிலையில் காந்தமும் கதவில் ஓர் இரும்புத் தகடும் பொருத்தப்பட்டிருக்கும். 12 வோல்ட் நேர்மின்னோட்டம் பாயும்வரை அது தகட்டைக் கவ்விக்கொண்டிருக்கும். சாதாரண அளவுள்ள பூட்டே ஏறத்தாழ 280 கிலோகிராம் இழுவிசையைத் தாங்கும். எத்தனை பலசாலியானாலும் ஒருவர் தோள்கொடுத்துத் தள்ளித் திறந்துவிட இயலாது. ஆனால், மின்னோட்டம் நின்ற கணத்தில் அதன் பிடி முற்றிலும் தளர்ந்துவிடும். மற்றொரு வகை, நிலைச்சட்டத்தில் பதிக்கப்படும் மின்கொளுவி. இதில் பெரிதும் பயன்படுவது மின்சாரம் பாயும்போது மட்டுமே தாழை விடுவிக்கும். மின்சாரம் நின்றால் பூட்டியது பூட்டியபடியே கிடக்கும். முன்னதில் மின்சாரம் பூட்டுகிறது. பின்னதில் மின்சாரம் திறக்கிறது.

ஆகவே இப்பூட்டைப் பொருத்த வருகிறவர் திருப்புளியைக் கையில் எடுக்குமுன் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது கதவு என்ன செய்யும் என்பது அன்று அவர்முன் உள்ள கேள்வி. எல்லாம் தவறிப்போகும்போது கதவு என்ன செய்யும் என்பதே கேள்வி. தவறும்போது உயிரின் பக்கம் சாய்வதா, உடைமையின் பக்கம் சாய்வதா? பார்வைக்கு இது மின்தொழில் நுட்பம். உள்ளே புகுந்து பார்த்தால் இது அறநூல்களின் பழைய வினாவேயாகும்.

கிள்ளான் நகரத்துக் கடைவீட்டு மாடி ஒன்றில் வேலை செய்யும் ஒரு வயர்மேனைக் கற்பனை செய்து பார்க்கலாம். கீழே சரக்குக் கிடங்கு. மேலே தொழிலாளர்கள் தங்கும் அறைகள். படிக்கட்டு ஒன்றுதான்; அதன் அடியில் ஒரு கதவு. முதலாளி தீயவர் அல்லர். இருமுறை கிடங்கில் திருட்டுப் போனதால் மனம் நொந்தவர்.

“தம்பி, கரண்டு போனால் இந்தப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளுமாமே! அப்படியானால் இதற்கு இவ்வளவு காசு செலவழித்து என்ன பயன்? எது நடந்தாலும் திறக்காதபடி செய்துவிடு” என்கிறார்.

“மேலே ஆள் இருக்கிறார்களே, முதலாளி?”

“அதற்குத்தான் உள்பக்கம் பொத்தான் வைக்கிறாயே!”

முதலாளியின் விடை நியாயமானதாகவே தோன்றும். உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கிறது. இதில் குறை என்ன? குறை பொத்தானில் இல்லை. பொத்தானிலிருந்து புறப்படும் கம்பி எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் இருக்கிறது.

உள்பக்கப் பொத்தானின் கம்பி பெரும்பாலும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் செல்கிறது. அழுத்தியவர் கதவைத் திறக்கவில்லை; திறக்கும்படி கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் விண்ணப்பிக்கிறார். பெட்டி அதைக் கேட்டு, ஏற்று, ரிலேயை இயக்கினால் கதவு திறக்கும். பெட்டி பழுதாகி நின்றிருந்தால், அல்லது தீயில் அந்த மெல்லிய கம்பி எரிந்து அறுந்திருந்தால், விண்ணப்பம் போய்ச் சேராது. மின்தடைக்கென்று வைத்த பேட்டரி பூட்டை மட்டும் கடமை தவறாமல் காத்துக்கொண்டிருக்கும். மாறாக, கண்ணாடி பதித்த பச்சைநிற அவசரப் பெட்டி ஒன்றும் உண்டு. முறையாக இணைக்கப்படும்போது, மின்காந்தப் பூட்டுக்குச் செல்லும் மின்னோட்டமே அதன் வழியாகப் பாய்கிறது. அதை அழுத்துகிறவர் யாரிடமும் விண்ணப்பிப்பதில்லை. பூட்டின் உயிர்நாடியைத் தம் கையாலேயே அறுத்துவிடுகிறார். தீயெச்சரிக்கை மணியின் ரிலேயும் அதே வழியில் இணைக்கப்பட்டிருந்தால், மணி ஒலித்ததும் கதவு விடுபடும். கம்பி எரிந்து அறுந்தாலும், அறுந்ததே கதவைத் திறந்துவிடும்.

முன்னது சலுகை, பின்னது உரிமை. கொடுப்பவர் ஒருவர் இருக்கும்வரைதான் சலுகை உண்டு. கொடுப்பவர் மயங்கி விழுந்தாலும் உரிமை நிலைத்து நிற்கும். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி அந்தச் சுவருக்குள் சில அடி நீளக் கம்பிதான்.

இதில் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. சாதாரண நாள்களில் இவ்விரு இணைப்புகளும் வேற்றுமையின்றி வேலை செய்யும். பொத்தானை அழுத்தினால் கதவு திறக்கும். பச்சைப் பெட்டியை அழுத்தினாலும் திறக்கும். ஒப்படைக்கும் நாளில் முதலாளி சோதித்துப் பார்த்து மனநிறைவோடு பணம் கொடுப்பார். பத்தாண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் கழியலாம். சரியாகச் செய்தவரை யாரும் பாராட்டப் போவதில்லை. தவறாகச் செய்தவரை யாரும் அறியப் போவதும் இல்லை. காண்பார் எவருமில்லாத இடத்தில் ஒருவர் செய்கிற செயலே அவரது மனச்சாட்சியின் அளவுகோல் என்பார்கள். கூரைப்பலகைக்கு மேலே, இருட்டில், தூசிக்கு நடுவே இணைக்கப்படும் கம்பியைப் போல் அதற்குப் பொருத்தமான சான்று வேறில்லை.

பூட்டிய கதவு என்ன செய்யும் என்பதை வரலாறு பலமுறை காட்டியிருக்கிறது. 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், நியூயார்க் நகரில் டிரையாங்கிள் எனும் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றியது. தொழிற்சாலை கட்டடத்தின் 8, 9, 10ஆம் மாடிகளில் இயங்கி வந்தது. ஒன்பதாம் மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. வீடு திரும்பும் பெண்களின் பைகளை ஒரே வாசலில் சோதிக்க வேண்டும், துணி திருட்டுப் போகக் கூடாது என்பதே அப்படிப் பூட்டும் வழக்கத்திற்குக் காரணமாகக் கூறப்பட்டது. மாண்டவர் 146 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இளம் பெண்கள். உரிமையாளர் இருவரும் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். கதவு பூட்டியிருந்ததை அந்நேரத்தில் அவர்கள் அறிந்திருந்தார்கள் என்பது ஐயமற நிறுவப்படவில்லை. அவர்களில் ஒருவர் 1913இல் மீண்டும் தொழிற்சாலைக் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அதற்கு விதிக்கப்பட்ட தண்டம் 20 டாலர்!

தொலைநாட்டுப் பழங்கதை என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. 1993ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் மலேசியாவின் அண்டை நாடான தாய்லாந்தில், காடர் பொம்மைத் தொழிற்சாலை எரிந்தபோது 188 பேர் மாண்டனர். வெளியேறும் வழிகள் சில பூட்டப்பட்டிருந்தன. கட்டடமும் விரைவில் சரிந்து விழுந்தது. 2017ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலையில், கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் விடுதி எரிந்தது. தீ வைத்த கைகள் வேறு. ஆனால், உறக்கத்திலிருந்து எழுந்தவர்களை வெளியேறவிடாமல் தடுத்தவை சன்னல்களின் இரும்புக் கிராதிகள். 23 பேர் மடிந்தனர். அவர்களுள் 21 பேர் மாணவர்கள். கிராதியைப் பொருத்தியவர்கள் பிள்ளைகளின்மீது பகை கொண்டவர்களா? அல்லர். பாதுகாப்புக்காகவே பொருத்தினார்கள். வெளியிலிருந்து வரும் தீங்கை மட்டும் நினைத்துச் செய்த பாதுகாப்பு, உள்ளிருந்து எழும் தீங்கின்போது சிறையாகிவிடும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். பெருந்தீமைகள் பல கொடியவரால் மட்டும் நேர்வதில்லை; பாதி வரை சிந்தித்து நிறுத்திக்கொண்ட நல்லவராலும் நேர்கின்றன.

எனினும், முதலாளியின் அச்சத்தை அலட்சியம் செய்வதும் அறமாகாது. பாடுபட்டுச் சேர்த்த பொருளைக் காக்க ஒருவருக்கு உரிமை உண்டு. கிடங்கு கொள்ளை போனால் அவருடைய பிள்ளைகளும் துன்புறுவர். மேல்மாடியில் தங்கியிருப்போரின் வேலையும் போகலாம். ‘உயிர் பெரிது, உடைமை சிறிது’ என்று மேடையில் முழங்குவது எளிது. ஒவ்வொரு மின்தடையின்போதும் கடையைத் திறந்து போட்டுவிட்டு உறங்குவது எளிதன்று.

இச்சிக்கலுக்குக் கதவே ஒரு விடை தருகிறது. கதவுக்கு இரு முகங்கள் உண்டு. வெளியிலிருந்து வருவோருக்கு மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருக்கும் கொளுவியைப் பொருத்தலாம். உள்பக்கத்திலோ, மின்சாரத்தோடு எந்தத் தொடர்புமில்லாத ஒரு கைப்பிடியை வைக்கலாம். அதை அழுத்தியவுடன் தாழ் விலகும். அட்டையும் வேண்டாம், விரலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். திருடன் வெளியிலேயே நிற்பான். தொழிலாளி வெளியே வந்துவிடுவார். அறத்துக்கும் பொருளுக்கும் இடையே பிணக்கு என்று தோன்றுகிற பலவற்றில், உண்மையில் பிணக்கு இல்லை. இன்னும் சிறிது உழைப்பும் இன்னும் சிறிது செலவும்தான் குறைவாயிருக்கின்றன.

அத்தகைய கைப்பிடியின் வரலாறும் அறிந்துகொள்ளத்தக்கது. 1903ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் சிகாகோ நகரின் இரோக்குவா நாடக அரங்கில் மூண்ட தீயில் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். திறக்கத் தெரியாத தாழ்களுக்கும் பூட்டிய கதவுகளுக்கும் முன்னால் பலர் நெரிபட்டு விழுந்தனர். அன்று நாடகம் பார்க்கச் செல்லவிருந்து, வேலையின் காரணமாகப் போகாமல் உயிர் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்னும் இரும்புச் சாமான் விற்பனையாளர். தாம் தப்பியதற்கு மகிழ்ந்துவிட்டு அவர் வாளாவிருக்கவில்லை. உடல் மோதினாலே திறந்துகொள்ளும் குறுக்குக் கம்பி ஒன்றை உருவாக்க முனைந்தார். 1908இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று திரையரங்குகளிலும் பேரங்காடிகளிலும் அவசரக் கதவின் குறுக்கே காணப்படும் கம்பி அந்த முயற்சியின் வழிவந்ததே.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டு ஒரே சீரான கட்டட விதிகளும் இதே கருத்தைச் சட்டமாக்கியிருக்கின்றன. வெளியேறும் கதவுகளை உள்ளிருப்பவர் சாவியோ தனி அறிவோ பெருமுயற்சியோ இன்றித் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது 173ஆம் விதி. ஆழ்ந்து நோக்கினால் இஃது ஒரு கட்டட விதி மட்டுமன்று. நுழைவதற்கு அனுமதி தேவை. வெளியேறுவதற்குத் தேவையில்லை என்னும் மனித விதியாகும். யார் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. வந்தவர் உயிரோடு வெளியேறலாமா என்று தீர்மானிக்க எவருக்கும் உரிமை இல்லை. சிறைச்சாலை போன்ற இடங்களில் அடைத்து வைப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அங்கும் பூட்டியவர் தம் கடமை முடிந்தது என்று போய்விட முடியாது. அடைபட்டவரின் உயிருக்குப் பிணை நிற்பவர் அவரே. தீ எழுந்தால் திறவுகோலோடு ஓடிவர வேண்டியவரும் அவரே.

இனி அந்த வயர்மேனிடம் மீண்டும் வரலாம். அவர் வாங்கும் கூலி சிறிது. முதலாளியை எதிர்த்தால் அடுத்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். ‘சொன்னதைச் செய்தேன்’ என்பது உழைப்பாளியின் பழைய கேடயம். ஆனால், கம்பியைப் பற்றி முதலாளி அறியாத ஒன்றை அவர் அறிவார். அறிந்தவருக்கு அறியாதவரின் கட்டளை முழுமையான புகலிடம் ஆகாது. அறிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பொறுப்பும் குடியிருக்கும். ஆகவே அவர் செய்யத்தக்கது சண்டையன்று, விளக்கம். “முதலாளி, திருடன் வராதபடி செய்து தருகிறேன். உள்ளே இருப்பவன் சாகாதபடியும் செய்து தருகிறேன். கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவாகும்” என்று சொல்லலாம். அதற்கும் இசையாவிட்டால், அந்தக் கதவை வேறொருவர் கைக்கு விட்டுவிட்டுத் தம் கருவிப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம். அன்றைய கூலி போகும். ஆயினும், அவர் கை தொட்ட கதவு ஒன்றின் பின்னால் நின்று எவரும் கதறமாட்டார்.

ஒரு சமுதாயம் தன் கதவுகளை எப்படிப் பூட்டுகிறது என்பதை அதன் வெளிப்புறத்திலிருந்து அறிந்துவிட முடியாது. மின்சாரம் நின்று, விளக்கணைந்து, புகை படர்ந்த ஓர் இரவில், முகமறியாத ஒருவரின் கை உள்பக்கத்தில் தடவித் தேடும்போதுதான் அது தெரியவரும். அந்தக் கைக்கு ஒரு கைப்பிடி கிடைக்க வேண்டும். அதைப் பொருத்த வேண்டிய நாள் அந்த இரவன்று. வெளிச்சமும் நேரமும் உள்ள ஒரு சாதாரணப் பகற்பொழுது.