வேகப் போட்டியும் வீதியின் உரிமையும்

நட்பும் போட்டியும் ஓரிடத்தில் குடியிருக்க இயலுமா என்பது பழைய வினா. ஒரே தொழில் செய்வோரிடையிலும், ஒரே வகுப்பில் பயில்வோரிடையிலும் ஒருவரை ஒருவர் விஞ்சும் ஆவல் எழுவது இயல்பு. அவ்வாவல் பொறாமையாக மாறினால் பகை விளையும். உழைப்பாக மாறினால் இருவர்க்கும் ஆக்கம் விளையும். நம் இளைஞர் பலரின் உள்ளத்தைக் கவர்ந்துள்ள மோட்டார் வேகப் போட்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை ஆராய விழைகிறோம்.

'டிராக்' பந்தயம் என்பது மோட்டார்ப் பந்தயங்களுள் மிக எளியது. இரண்டு வண்டிகள் அருகருகே நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேர்ப்பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர், ஓட வேண்டும். பச்சை விளக்கு எரியுமுன் நகர்ந்தவர் தோற்றவராவார். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'டிராக் வீக்' என்னும் போட்டியில், ஐந்து நாட்கள் வெவ்வேறு ஓடுகளங்களில் பந்தயமிட வேண்டும். ஒரு களத்திலிருந்து மறு களத்திற்கு அதே வண்டியைப் பொதுச்சாலையிலேயே ஓட்டிச் செல்லவும் வேண்டும். மொத்தப் பயணம் ஏறக்குறைய 1600 கிலோமீட்டர். துணை வண்டி கூடாது. கருவிகளையெல்லாம் தாமே சுமந்து செல்ல வேண்டும். 2019இல் டாம் பெய்லி என்பவர் அப்போட்டியில் ஆறு வினாடிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் கால் மைலைக் கடந்தார். இவ்வேகத்தைக் காட்டிலும் நம்மை ஈர்ப்பது வேறொன்று. வழியில் ஒருவர் வண்டி பழுதுற்றால், மறுநாள் அவரோடு மோத வேண்டியவரே நின்று உதிரிப்பாகம் தந்து உதவுவது அங்கே வழக்கம். எதிராளி வராமற்போய்க் கிடைக்கும் வெற்றி அவர்களுக்கு இனிப்பதில்லை.

இத்தகைய பெருந்தன்மை நம் நாட்டிற்கும் புதிதன்று. 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக்களம் அமைந்தது. சோழவரத்தில் ஓட்டியவர்களுள் ஒருவர் கோவை கரிவரதன். தாம் வெல்வதோடு அவர் நிறைவடையவில்லை. மாருதி எஞ்சினைக் கொண்டு 'ஃபார்முலா மாருதி' என்னும் பந்தய வண்டிகளை வடிவமைத்தார். பெருஞ்செல்வர் அல்லாத இளைஞரும் ஒத்த வண்டிகளில் அமர்ந்து திறமையால் மட்டுமே மோத அவை வழி செய்தன. பின்னர் உலகப் புகழ் பெற்ற நரேன் கார்த்திகேயன் அவ்வண்டிகளில் ஓடியவர். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரால் கோவையில் இன்றும் ஒரு பந்தயக்களம் விளங்குகிறது. தமக்குப் போட்டியாளரைத் தாமே உருவாக்கியவரை நட்புடைய போட்டியாளர் என்பதில் தடையென்ன?

ஆகவே போட்டியிலும் நட்பு வாழும் என்பது தெளிவு. ஆயின் இருவர் நட்பாக இருப்பதாலேயே அவர்கள் செயல் குற்றமற்றதாகி விடுமா? இங்கேதான் நாம் மூன்றாமவரை நினைக்க வேண்டும்.

புதுவையில் குருசுக்குப்பத்தை அடுத்துள்ள வைத்திக்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். கடலை ஒட்டிய மீனவர் குடியிருப்பு அது. வலை சீர்செய்வோர், மீன்கூடை சுமக்கும் பெண்கள், விளையாடும் சிறுவர், நாய்கள், கோழிகள் என எல்லா உயிர்க்கும் அங்குத் தெருவே முற்றம். மாசிமக நாளில் மயிலம் முருகன் உட்படப் பல ஊர்த் தெய்வங்கள் தீர்த்தவாரிக்காக அக்கடற்கரைக்கு எழுந்தருள, மக்கள் வெள்ளமாய்த் திரள்வர். இத்தகைய தெருவிலோ, சென்னைக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ இரு நண்பர் "யார் முந்துவது?" என்று வண்டியை முடுக்கினால், பந்தயத்தில் கலந்துகொள்பவர் இருவர் மட்டுமல்லர். சாலையைக் கடக்கும் மூதாட்டியும் அவரறியாமலே அதில் சேர்க்கப்படுகிறார். அவருடைய சம்மதத்தைக் கேட்டவர் யார்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வேகம் 120 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் இரு மடங்காக அன்று, ஏறக்குறைய நான்கு மடங்காக நீளும். ஓட்டுபவரின் திறமை இக்கணக்கை மாற்றாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அரசின் அனுமதியின்றிப் பொதுவிடத்தில் பந்தயமிடுவதைக் குற்றமாக்குகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கப்படலாம்.

"நாங்கள் எவர்க்கும் தீங்கு நினைக்கவில்லையே" என்பர் இளைஞர். உண்மையே. ஆனால் நம் அறம் நினைப்பை மட்டும் கேட்பதன்று, விழிப்பையும் கேட்கிறது. உமாசுவாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில், கவனமின்மையால் உயிர்க்கு ஊறு செய்தலையே இம்சை என வரையறுத்தார். இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனின்றி நேரும் தீங்கை விலக்குவதே அது. காரணமின்றித் திரிதலும், பிறரைத் திரியச் செய்தலும்கூட அவ்விரதத்திற்கு மாறானவை என்பது சமந்தபத்திரர் நூலின் கருத்து. மோட்டார் வண்டியைக் காணாத அக்காலத்து ஆசான், இன்றைய வீதியைக் கண்டே சொன்னாற்போல் அது அமைந்துள்ளது!

முன்னே கூறிய அமெரிக்கப் போட்டியாளரை மீண்டும் நோக்குவோம். ஆறு வினாடியில் கால் மைல் பறக்கவல்ல வண்டியைப் பொதுச்சாலைக்குக் கொண்டுவந்ததும், அவர்களும் எல்லாரையும் போல வழிப்போக்கரே ஆகின்றனர். சாலையில் அவர்கள் மெய்ப்பிப்பது வண்டியின் உறுதியை; வேகத்தைக் காட்டுவது களத்தில் மட்டும். ஆற்றல் உடைமை வேறு, அதனை வெளிப்படுத்தும் இடம் வேறு என்னும் இந்த வேறுபாடே நாம் கற்கத் தக்கது. ஆற்றல் இருந்தும் அடங்குதல் அன்றோ அடக்கம் எனப்படுவது?

எனவே வேகத்தை விரும்பும் பிள்ளையைப் பெற்றோர் வெறுமனே கடிந்து பயனில்லை. அவ்விருப்பம் இயந்திர அறிவாகவும், முறையான களத்தில் பயிற்சியாகவும் மலர வழிகாட்டலாம். களத்தில் செலவும் மிகுதி, ஆபத்தும் உண்டு என்பதையும் மறைக்காமல் உரைக்க வேண்டும். அங்கே இடர் ஏற்போர் அதனை அறிந்து ஏற்கின்றனர். தெருவிலோ அறியாதார்மீது அது சுமத்தப்படுகிறது. தோழனை வெல்ல விரும்புவதில் பிழையில்லை. அவ்வெற்றிக்கு விலை கொடுப்பவர் வேறொருவராக இருத்தல் ஆகாது என்பதை ஒவ்வோர் இல்லத்திலும் எடுத்துரைப்போமாக.