பரதேசி

ஆடிக் கிருத்திகைக்குச் சித்தூர்ப் பக்கமிருந்து காவடி எடுத்துவரும் சாமிகள், திருத்தணியில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுப்பார்கள். “பரதேசி வந்திருக்காரு, மொதல்ல அவருக்குப் போடு” என்பாள் ஆயா. அவள் வாயில் அது வசைச்சொல் அல்ல.

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய யூத ஜெபாலயத்தின் பெயரைக் கேட்டதும் அவள் நினைவு வந்துவிட்டது. பரதேசி ஜெபாலயம். ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் எழுப்பியது.

யூதராக மாறியவரை எபிரேயத்தில் ‘கேர்’ என்பார்கள், பெண்ணானால் ‘கியோரெத்’. ஆதியில் அந்தச் சொல்லுக்கு வேற்றூரிலிருந்து வந்து நம்மோடு தங்கியவர் என்றே பொருள். பரதேசியேதான்! சடங்கு முழுக்கு முடிந்து எழுந்தவர் ஆபிரகாமின் பிள்ளை. அவருடைய பழைய நிலையைச் சொல்லிக்காட்டக் கூடாது என்கிறது யூதச் சட்டநூலான தல்மூத். ‘எங்கள் முன்னோரின் கடவுளே’ என்று நான் வேண்டலாமா என ஒபதியா என்ற கேர் கேட்டார். தாராளமாக வேண்டலாம் என்று யூத அறிஞர் மைமோனிடஸ் 12ஆம் நூற்றாண்டில் பதில் எழுதினார்.

கொச்சியிலோ, பரதேசி யூதர் வீடுகளில் அடிமைகளாயிருந்து யூதராகி விடுதலை பெற்றவர்களுக்கு ‘மெஷுக்ராரிம்’ என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். பேரன், கொள்ளுப்பேரன் காலத்திலும் அந்தப் பெயர் விடவில்லை. பெயரே தினமும் சொல்லிக்காட்டியது. ஜெபாலயத்தில் உட்கார முன்கூடம்தான், வேதமான தோராவை வாசிக்க அழைப்பில்லை, பெண் கொடுக்கல் வாங்கலும் இல்லை. விடுதலையும் முழுக்கும் முறைப்படி நடந்திருந்தால் மணவுறவுக்குத் தடையில்லை என்று கெய்ரோவின் ரப்பி தாவீது இப்னு ஜிம்ரா 16ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு எழுதியிருந்தார். அதற்குப் பிறகும் இது நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தங்களையே பரதேசி என்று அழைத்துக்கொண்டவர்களுக்குக் கேர் யாரென்று தெரியாமலா போயிருக்கும்?

அந்த மெஷுக்ராரிம் வழியில் வந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் சட்டம் படித்தவர். ஜெபாலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார். ‘யூத காந்தி’ என்று அவரை அழைத்தார்கள். தடைகள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. கடவுளிடம் வந்து சேர்ந்த ஒருவன், தான் சேர்ந்துவிட்டதை மனிதர்களிடம் எத்தனை தலைமுறைக்கு நிரூபிக்க வேண்டும்?

எங்கள் ஊரே 1960 வரை ஆந்திரத்தில் இருந்ததுதான். ஆயா முருகனிடம் பேசியது பாதி தெலுங்கு. திண்ணைக்கு வந்தவரிடம் சோறு போடும்முன் எந்த ஊர், என்ன ஆளுங்க என்று அவள் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் கேட்டிருக்கிறேன்.