சீசாவிலிருந்து பிறந்த புனிதம்

தூயதினின்றே தூயது தோன்றும் என்னும் கொள்கை அநேக சமயங்களில் வேரூன்றி நிற்கின்றது. ஆயினும் மேற்கு ஆப்பிரிக்காவிலே, கானா நாட்டின் கிழக்குப் பிரதேசத்தில், ஒடுமாசே, சோமான்யா முதலிய ஊர்களில் வாழும் கிரோபோ மக்கள் செய்யும் கண்ணாடி மணிகளைப் பற்றி அறிந்தவர் அக்கொள்கையை ஐயுறாதிருத்தல் அரிது.

குடித்து எறிந்த மதுச் சீசாக்களே அம்மணிகளுக்கு மூலதிரவியம். அவற்றை உரலிலிட்டு இடித்து, மாவாகச் சலித்து, வண்ணப்பொடி கூட்டி, வெண்களிமண் குழம்பு பூசிய மண் அச்சுகளின் குழிகளில் நிரப்பி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றை நிறுத்துகிறார்கள். கறையான் புற்று மண்ணால் எழுப்பிய சூளையில் அச்சு வேகுங்கால், பொடி இளகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ள, காம்போ எரிந்து சாம்பலாகித் தான் நின்ற இடத்தை வெற்றிடமாக விட்டுப் போகின்றது. அவ்வெற்றிடமே மணியின் துளை. துளையில்லாத கண்ணாடி எத்துணை அழகுடையதாயினும் மாலையில் ஏறாது ஆதலின், மணி தன் மணித்தன்மைக்கே அழிந்துபோன அக்காம்பிற்குக் கடன்பட்டிருக்கிறது என்பதை நினைக்குந்தோறும் என் நெஞ்சம் கனிகின்றது. பின்னர் கல்லின்மேல் மணலும் நீரும் இட்டுத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள்.

சிறுமியரைப் பெண்மைக்கு உரியவராக்கும் 'திபோ' என்னும் தீக்ஷையில் இம்மணிகள் கழுத்திலும் இடையிலும் கனக்கின்றன. அவற்றோடு, பாட்டியர் காத்துவைத்த வெனிஸ் நகரத்து மணிகளும் கலந்திருத்தல் உண்டு. அவ்வகை மணிகளோ ஒருகாலத்தில் பொன்னுக்கும் தந்தத்திற்கும், அந்தோ, மனிதருக்கும் விலையாகக் கப்பலேறி வந்தவை. பாவத்தின் விலையாக வந்த பொருள் ஒரு பேத்தியின் கழுத்தில் எவ்வாறு புனிதமாகும்? நம்பிக்கையே அதனைப் புனிதமாக்குகிறது என்று சொல்லி அமைதல் எனக்கு உடன்பாடன்று. நம்பிக்கை ஒன்றே போதுமாயின் வழியிற் கிடக்கும் கூழாங்கல்லும் போதும், இத்தனை இடிப்பும் சூளையும் வேண்டா. பொருளின் பூர்வோத்தரத்தை மறைக்காமல், அதன்மேல் உழைப்பையும், தாய் மகளுக்கு அணிவிக்கும் உரிமையையும் தலைமுறை தலைமுறையாக ஏற்றி வருதலினாலேயே புனிதம் உண்டாகிறது என்று நான் கருதுகிறேன்.

1892-ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் கிரோபோ மக்களை அவர்களுடைய மலையினின்றும் வெளியேற்றித் திபோவையும் தடைசெய்தபோது, இடத்தை எடுத்துவிட்டால் சடங்கும் மாயும் என்று அதிகாரிகள் எண்ணினர் போலும். மலைக்குக் கீழே, மக்கள் குடியேறிய ஊர்களில், திபோ இன்றளவும் நடைபெற்று வருகின்றது. அதற்கு வேண்டிய புதுமணிகளைச் சூளைகள் இன்றும் சீசாக்களிலிருந்தே ஈன்றுகொண்டிருக்கின்றன.