கேளாமல் பெற்ற கடன்

உயிரியல் மனித சமுதாயத்தை மாற்றிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அறிஞர் பெருமக்களின் பெயர்களைக் கொண்டே எழுதிச் செல்கின்றனர். அவ்வரலாற்றின் ஓரத்தில் சில குழந்தைகளும் நிற்கின்றனர். அவர்களுக்கு நாம் பட்ட கடன் யாது என்பதே ஈண்டு என் வினா.

பெரியம்மையை எடுத்துக்கொள்வோம். கண்டோருள் நூற்றுக்கு முப்பதின்மர் அளவில் மடிந்தனர்; பிழைத்தோருள் பலர் கண்ணொளி இழந்தனர். இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடி உயிர்களை அது கொண்டது என மதிப்பிடுவர். நம் முன்னோர் அந்நோயைத் தாயென்றே அழைத்து, வாசலில் வேப்பிலை செருகி, அவள் சினம் தணிய வேண்டி நின்றனர். வடபுலம் வந்து குடியேறிய நாம் இங்கே சீதளா மாதாவின் கோயிலைக் கண்டபோது, பெயர்தான் வேறு, அச்சம் ஒன்றே என உணர்ந்தோம் அல்லவா?

1796 மே 14 அன்று இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், பால்காரப் பெண்ணொருத்தியின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்னும் எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறிப் புகுத்தினார். ஜூலை முதல் நாளன்று உண்மையான பெரியம்மைச் சீழையே அவன் உடலில் ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை. அம்மைச் சீழைக் குத்துதல் அக்காலத்தில் வழக்கிலிருந்ததே. நம் வங்காளத்திலும் அதனைத் தொழிலாகச் செய்தோர் இருந்தனர். ஆயினும் சிறுவனோ தோட்டக்காரரின் மகன். கேட்டவரோ ஊர் மருத்துவர். மறுக்கும் வலிமை அக்குடும்பத்துக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

இதனினும் வியப்பானது ஸ்பெயின் நாட்டுக் கப்பலின் கதை. 1803 நவம்பர் 30 அன்று லா கொருனா துறைமுகத்திலிருந்து மருத்துவர் பால்மிஸ் தலைமையில் அக்கப்பல் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளை நோக்கிப் புறப்பட்டது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். அம்மைப்பால் அத்துணை நெடும் பயணத்தில் கெட்டுவிடும். அதனைக் கெடாமல் காக்கும் கலம் மனித உடல் ஒன்றே. முன்னர் அம்மை காணாத உடலாகவும் இருத்தல் வேண்டும், ஆகவே குழந்தைகள். அனாதைச் சிறுவர் இருபத்திருவரை ஏற்றினர். இருவர் கையில் குத்தி, ஒன்பது பத்து நாட்களில் கொப்புளம் முற்றியதும் அந்நீரை அடுத்த இருவருக்கு மாற்றினர். ஒருவன் கொப்புளம் பழுதானால் மற்றவனுடையது உதவும் என்பதாலேயே இருவர். இவ்வாறு ஒரு சங்கிலியாய்ச் சிறுவரின் கைகளிலேறி அம்மைப்பால் அட்லாண்டிக் கடலைக் கடந்தது! உடன் சென்ற இல்லத் தலைவி இசபெல் செந்தால் தம் மகனையும் அச்சங்கிலியில் சேர்த்தார் என்பதை மறைத்தல் நேர்மையன்று. பலர் வாழ்ந்தனர் என்பதும் உண்மை. நம் நாட்டிலும் 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தையின் கையில்தான் அது முதன்முதல் நிலைபெற்றது. அவள் கையிலிருந்து பிற குழந்தைகளுக்குச் சென்று, அவ்வாண்டிலேயே சென்னையையும் அடைந்தது.

அக்கால வழக்கம் அது, இன்றைய அறத்தால் அன்றையோரை அளத்தல் தகாது என்பர் சிலர். எனக்கு அது உடன்பாடன்று. ஜென்னர் பின்னாளில் ஃபிப்ஸுக்கு வாடகையின்றி வாழ ஒரு சிறு வீடு அளித்தார். அச்சிறுவரை அரசுச் செலவில் வளர்ப்பதாக ஸ்பெயின் அரசு உறுதி கூறியது. கடன் என்று உணராதவன் ஈடு செய்ய முற்படுவானோ? அனாதைகளுக்குக் காப்பாளரும் அரசே, அவர்களைப் பயன்கொண்டதும் அரசே. எம்மைப் போன்ற எழுத்தர்கள் அறிந்த விதியொன்று உண்டு: தம் பட்டியலுக்குத் தாமே ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை. நூறு ரூபாய்ப் பயணப்படிக்குக் காட்டும் இவ்வெச்சரிக்கை ஒரு குழந்தையின் உடலுக்கு வேண்டாவா?

பொய்யும் மெய்யின் இடம் பெறலாம் என்று வள்ளுவர் இசைந்தபோதும், விளையும் நன்மை மாசற்றதாய் இருத்தல் வேண்டும் என நிபந்தனை விதித்தார். பயனின் பெருக்கத்தை மட்டும் அவர் கேட்கவில்லை.

அதற்காக, ஒவ்வொருவரின் இசைவுக்கும் காத்திருந்திருக்க வேண்டும் என நான் வாதிடவில்லை. 1974-இல் பீகாரில் பெரியம்மை கொடுமையாகப் பரவியபோது பணியாளர்கள் வீடு வீடாகத் தேடினர். மறுத்தோர் இல்லங்களில் வலிந்து புகுந்து ஊசி போட்டதும் உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் மறுப்பவன் தன் உயிரோடு அயலான் உயிரையும் பணயம் வைக்கிறான். அவனைத் தடுக்கச் சமுதாயத்துக்கு உரிமை உண்டு. ஆயின் எவருக்கும் தீங்கு செய்யாத ஒரு சிறுவனைப் பிறர் நலத்துக்குக் கலமாக்கும் உரிமை அதனினும் வேறானது. முன்னதை ஒப்புவோர் பின்னதையும் ஒப்பிவிடுகின்றனர். பிழை அங்கேதான் நேர்கிறது.

1975 மே மாதம் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி கண்டறியப்பட்டார். அஸ்ஸாமில் கரீம்கஞ்ச் ரயில் நிலைய மேடையில் இரந்து வாழ்ந்த பெண் அவர். 1980 மே 8 அன்று உலகமே அந்நோயினின்று விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. நம் இல்லத்து முதியோரின் மேற்கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இன்றும் உளது. பேரக்குழந்தைகள் அது என்னவென்று கேட்கின்றனர்.